ஊட்டி ரயில் கேக்: அளவுகளோடு முழுச் செய்முறை

பிறந்தநாளுக்கு ரயில் கேக் கேட்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது சிரித்த முகம் வைத்த ஏதோ ஒரு பொம்மை இன்ஜின். நம் ஊரிலேயே, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற ரயில் ஒன்று இருக்கிறது: மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஓடும் நீலகிரி மலை ரயில். 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அதே வண்டி. கேக்காகச் செய்யவும் இது தோதான உருவம். பெட்டி நேரான செவ்வகம். இன்ஜினில் கொதிகலனின் இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள் ஒட்டி நிற்பதால், முழு உருளையாகச் செதுக்க வேண்டிய இடம் முன்பக்கம் நான்கே சென்டிமீட்டர்தான்.

கத்தி எடுக்கும் முன் படங்களை நன்றாகப் பாருங்கள். இந்த வண்டியை இந்த வண்டியாகக் காட்டும் விஷயங்கள் சில உண்டு. மலை ஏறும்போது இன்ஜின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். முன்னால் நின்று இழுக்காது. ஆகவே கேக்கிலும் பெட்டி முன்னே, இன்ஜின் பின்னே. எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் ஒவ்வொரு பக்கமும் நான்கு பெரிய சக்கரங்கள் ஒன்றாக இணைந்திருக்கும், கடைசியில் சிறிய சக்கரம் ஒன்று. பக்கவாட்டில் சிலிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருக்கும்: கீழே இருப்பது சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, மேலே இருப்பது பல்சக்கரத்தை ஓட்ட. தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை. பெட்டியின் முனை மேடையில் கொடி பிடித்து நிற்கும் பிரேக்மேன். இவை இருந்தால் மற்ற நுணுக்கங்கள் குறைந்தாலும் ஊட்டிக்காரர் ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

இங்கே தருவது ஓர் இன்ஜின், ஒரு பெட்டி. இரண்டும் 18 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். இடையில் 4 செ.மீ. இடைவெளி விட்டால் மேசையில் 40 செ.மீ. வரும், நெருக்கி வைத்தால் இன்ஜினின் முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். இரண்டையும் ஒரே பலகையில் கட்ட ஆசை வரும், வேண்டாம். 50 செ.மீ. பலகை பல வீட்டு ஃபிரிட்ஜுக்குள் நுழையாது. உருவக் கேக் குலைவதற்கு இது பெரிய காரணம்: நடுவில் குளிர வைக்க முடியாமல், சூடேறிய கேக்கின் மேல் தொடர்ந்து வேலை செய்வது. எனவே தனித்தனியாக இரண்டு மெல்லிய கேக் அட்டைகள், 17 செ.மீ. × 7 செ.மீ. அளவுக்கு வெட்டி. அகலம் குறைவாக இருந்தால் சக்கரம் ஒட்டும்போது அட்டை வெளியே தெரியாது. தண்டவாளம் போட்ட பெரிய பலகை மேசைக்குப் போன பிறகுதான் இரண்டும் அதன் மேல் ஏறும்.

செதுக்குவதற்கு ஸ்பாஞ்ச் கேக் ஆகாது. காற்று நிறைந்த அந்த மென்மை கத்தி பட்டதும் உதிரும். மேலே சுமை ஏறினால் அமுங்கும். வெண்ணெய் கேக்தான் வேண்டும். 20 செ.மீ. சதுர டின் ஒன்றுக்கு அளவு:

உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம்
சர்க்கரை 250 கிராம்
முட்டை 5 (ஓடு நீக்கி ஏறக்குறைய 250 கிராம்)
மைதா 250 கிராம்
பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன்
உப்பு கால் டீஸ்பூன்
பால் 60 மி.லி.
வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன்

இப்படி இரண்டு கேக்குகள் வேண்டும். உங்கள் ஓவனில் இரண்டு டின் அருகருகே நிற்காது என்றால், மாவையும் இரண்டு முறையாகவே கலக்குங்கள். ஒரு மணி நேரம் காத்திருக்கும் மாவில் பேக்கிங் பவுடரின் வேகம் பாதி போய்விடும். இரண்டாவது கேக் தட்டையாக வரும், இரண்டின் உயரமும் ஒத்துப்போகாது.

வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும் என்று செய்முறைகளில் படித்திருப்பீர்கள். குளிர் நாட்டு அறைக்கு அது சரி. நம் சமையலறை 32 டிகிரியில் வெண்ணெய் எண்ணெய் விட்டுவிடும், அதற்குள் காற்று நிற்காது, கேக் கனத்துப்போய் அடியில் பிசுபிசுப்பாக ஒரு வரி விழும். வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, விரல் அழுத்தினால் பள்ளம் விழுகிற வரை மட்டும் வெளியே வையுங்கள். கோடையில் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முட்டைகளை அதற்குச் சற்று முன்பே எடுத்து வைக்கலாம். குளிர்ந்த முட்டை வெண்ணெயைத் திரிய வைக்கும்.

சர்க்கரையை மிக்ஸியில் ரவை அளவுக்கு மட்டும் ஓட்டுங்கள். முழுப் பொடியாக்க வேண்டாம். படிகத்தின் விளிம்புகள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. வெண்ணெயும் சர்க்கரையும் பீட்டரில் 6 முதல் 8 நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் பொங்கி நிற்கும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். திரிவது போலத் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டால் சேர்ந்துகொள்ளும். சலித்த மைதா, பேக்கிங் பவுடர், உப்பை மூன்று தவணையாக, இடையிடையே பால் விட்டு, கரண்டியால் மடித்துக் கலக்க வேண்டும். இங்கே பீட்டரை ஓட்டினால் வெந்த கேக்கில் நீள நீளமாகத் துளைகள் விழும். சாப்பிடுவதற்கு அது ஒரு குறையாகத் தெரியாது, ஆனால் செதுக்கும்போது கேக் சரியாக அந்தத் துளையில்தான் உடையும்.

டின்னின் அடியிலும் நான்கு பக்கமும் பட்டர் பேப்பர், விளிம்புக்கு 2 செ.மீ. மேலே நிற்கும்படி. 160 டிகிரி, 55 முதல் 65 நிமிடம். 180ல் வைத்தால் ஓரம் முதலில் இறுகி, நடு மட்டும் மலை போல எழுந்து வெடிக்கும். அந்தக் கூம்பை வெட்டி எறிந்தால் உயரம் போய்விடும். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். ஓவனின் டயல் காட்டுவதும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. நடுவில் குத்திய குச்சி ஈரமில்லாமல் வந்தால் எடுத்து, 15 நிமிடம் டின்னிலும் பிறகு கம்பித் தட்டிலும் முழுக்க ஆறவிட்டு, கிளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த ஓர் இரவைத் தவிர்க்க வழியே இல்லை. வெண்ணெய் திரும்ப இறுகினால்தான் கேக் கத்திக்குப் படியும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு: கண்டென்ஸ்டு மில்க் கேக் உள்ளே தளர்வானது. நேர்வெட்டைத் தாங்கும், வளைவைத் தாங்காது. பெட்டியும் இன்ஜினின் அடிப்பாகமும் அந்தக் கேக்கில் செய்துவிட்டு, கொதிகலனை மட்டும் கீழே சொல்கிற கேக் தூள் கலவையில் உருட்டிக்கொள்ளலாம்.

கேக் குளிர்கிற நேரத்தில் சார்ட் பேப்பரில் பக்கத் தோற்றத்தையும் முன் தோற்றத்தையும் நிஜ அளவில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் செதுக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது.

மறுநாள், வெட்டுவதற்கு 40 நிமிடம் முன்பு இரண்டு கேக்கையும் ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக உறைய வேண்டாம். வெளிப்பக்கம் விறைத்தால் போதும். பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல், இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். மேல் மேட்டைச் சீவினால் ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. உயரம் வரும். ஒவ்வொரு சதுரத்திலும் 18 × 9 செ.மீ. பட்டை இரண்டு எடுங்கள். முதல் சதுரத்தின் இரண்டு பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டி. இரண்டாவதின் இரண்டும் இன்ஜின். ஓரத் துண்டுகளையும் சீவிய மேட்டையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வையுங்கள், எல்லாவற்றுக்கும் வேலை இருக்கிறது.

இன்ஜினின் கீழ்ப்பட்டையில் இரு பக்கமும் அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்துக்கு, 1 செ.மீ. ஆழம் உள்வாங்கி வெட்டுங்கள். சக்கரங்கள் அந்தப் பள்ளத்தில் உட்காரும். மேல் பட்டையில் பின்பக்கம் 6 செ.மீ. ஓட்டுநர் அறை, அதைத் தொட வேண்டாம். அடுத்த 8 செ.மீ. தொட்டிப் பகுதி: இரு ஓரங்களிலும் ஒன்றேகால் செ.மீ. அகலத்துக்கு மேலிருந்து ஒன்றரை செ.மீ. இறக்கி வெட்டினால் தொட்டியின் மேல்தளம் கிடைக்கும், நடுவில் மிஞ்சும் 6.5 செ.மீ. அகல மேட்டின் முனைகளை உருட்டினால் கொதிகலன். முன்பக்க 4 செ.மீ.யில் தொட்டி கிடையாது. பக்கங்களை முழுக்க நீக்கி வட்டமாக்குங்கள். ஒவ்வொரு முறையும் அரை செ.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். கேக் இளகத் தொடங்கினால் கத்தியில் துகள் ஒட்டும். அது தெரிந்ததும் பத்து நிமிடம் ஃப்ரீசருக்குத் திரும்பட்டும்.

ஓட்டுநர் அறை கொதிகலனை விட உயர்ந்து நிற்க வேண்டும். மிச்சத் துண்டுகளை உதிர்த்து, 100 கிராம் தூளுக்கு 25 கிராம் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த பூச்சு, அளவு அடுத்து வருகிறது) வீதம் பிசைந்தால் கையில் பிடித்தால் நிற்கிற கலவை வரும். அதில் 6 × 9 செ.மீ., இரண்டரை செ.மீ. கனத்துக்கு ஒரு தட்டு தட்டி அறையின் மேல் வையுங்கள். புகைபோக்கி, மேல் குமிழ், சிலிண்டர்கள் எல்லாமே இதே கலவைதான். கனாஷ் அதிகமானால் புகைபோக்கி ஒரு மணி நேரத்தில் சாயும். நடுவில் ஒரு மரக்குச்சி இருக்கட்டும்.

கனாஷ் அளவு: டார்க் சாக்லேட் 700 கிராம், 25 சதவீதக் கொழுப்புள்ள ஃபிரெஷ் கிரீம் 350 கிராம். ஏப்ரல், மே மாதங்களில் கிரீமை 280 கிராமாகக் குறையுங்கள். ஓரத்தில் குமிழி வரும்வரை கிரீமைச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்குங்கள். எண்ணெய் பிரிந்து நின்றால் வெதுவெதுப்பான பால் ஒன்றிரண்டு கரண்டி விட்டு அடித்தால் சேரும். மூடி வைத்து ஆறினால் தடவும் பதத்துக்கு இறுகும். கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட் ருசியில் மேல், தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்டு வெயிலைத் தாங்குவதில் மேல். ஏசி இல்லாத மண்டபம் என்றால் காம்பவுண்டு. செலவை மிச்சம் பிடிக்க இரண்டையும் பாதிப் பாதி கலப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கலவை தனித்தனியாக இருந்ததை விட மென்மையாகி, மேலே வெள்ளை பூக்கும்.

கடைக் கேக்கில் போடும் விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட் (மாவு போலத் தேய்த்து ஒட்டும் சர்க்கரைப் பிசைவு) ஒட்டுவதும் கூடாது. கிரீமின் ஈரம் சர்க்கரையை அடியிலிருந்து கரைக்கும். மறுநாள் காலையில் பெட்டியின் பக்கச் சுவர் வழுக்கி இறங்கியிருக்கும்.

அடுக்குகளுக்கு நடுவே 3 மி.மீ. கனாஷ் போதும். தடித்த நிரப்பு, மேல் எடையில் பிதுங்கி வெளிச்சுவரில் வரியாகத் தெரியும். சர்க்கரைப் பாகு தடவ விரும்பினால் (100 கிராம் சர்க்கரை, 100 மி.லி. தண்ணீர்) தூரிகையால் ஒரு முறை மட்டும். முதலில் துகளைப் பிடித்து நிறுத்த மெல்லிய பூச்சு, 20 நிமிடம் குளிர், பிறகு 4 மி.மீ. கனத்தில் இரண்டாவது பூச்சு. பெட்டியின் மூலைகள் கூர்மையாக நிற்க வேண்டும். இங்கே மழுங்கலாக விட்டதை ஃபாண்டன்ட் மறைக்காது, எடுத்துத்தான் காட்டும்.

சக்கரமும் உதிரி உறுப்புகளும் கேக் சுடுவதற்கு முன்பே, அதாவது விழாவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். 200 கிராம் ஃபாண்டன்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. பவுடர் (ஃபாண்டன்ட்டைக் கெட்டியாகக் காய வைக்கும் பொடி) சேர்த்துப் பிசைந்து, 6 மி.மீ. கனத்தில் 3 செ.மீ. வட்டம் எட்டு, 2 செ.மீ. வட்டம் இரண்டு வெட்டுங்கள். பெட்டிக்கு 3 செ.மீ.யில் இன்னும் நான்கு. அவற்றைப் பெட்டியின் கீழ் விளிம்பில் நேராக ஒட்டிவிடலாம். ஸ்பாஞ்ச் தாளின் மேல் வைத்து ஒரு நாளில் ஒரு முறை திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் காயும். மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், எத்தனை நாளானாலும் அவை ரப்பராகவே இருக்கும். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, சூடேற்றாமல், ஓர் இரவு வைத்தால் காய்ந்துவிடும். உள்ளே இருப்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஃபாண்டன்ட் மொத்தம் 1.2 கிலோ. நிறத்துக்கு ஜெல் மட்டும். தண்ணீர் நிறம் விட்டால் சர்க்கரை இளகி ஒட்டும். அடர்ந்த கருப்பை வெள்ளையிலிருந்து வர வைக்க அவ்வளவு நிறம் கொட்ட வேண்டும், நாக்கில் கசக்கும். கருப்பு ஃபாண்டன்ட்டை ஆயத்தமாகவே வாங்குங்கள், அல்லது சாக்லேட் ஃபாண்டன்ட்டில் கருப்பு ஜெல் சேர்த்துப் பிசையுங்கள். நீலத்தை விரும்பியதை விட ஒரு படி வெளிறலாகக் கலந்து மூடி வைத்தால் மறுநாள் அடர்ந்திருக்கும்.

பெட்டிக்கு ஒரே விரிப்பாகப் போர்த்த வேண்டாம். செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் சுருங்கும் அல்லது கிழியும். பலகைப் பலகையாக ஒட்டுவதுதான் முறை. சோளமாவு தூவி 4 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, கேக்கை அளந்து நான்கு சுவர்களும் வெட்டுங்கள்: கீழே நீலம் ஐந்தரை செ.மீ., மேலே ஜன்னல் வரிசைக்கு கிரீம் நிறம் நான்கு செ.மீ. ஜன்னல்களை ஒட்டுவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டால் பின்னால் இருக்கிற டார்க் கனாஷே கண்ணாடி இருட்டாகத் தெரியும். வெட்டிய பலகைகள் 15 நிமிடம் விறைக்கட்டும். கனாஷின் மேல் தண்ணீர் தொட்ட தூரிகையை லேசாக ஓட்டிவிட்டு ஒட்டுங்கள். தண்ணீர் வடிகிற அளவு வைத்தால் சுவர் இறங்கும். கூரை கடைசி, நான்கு பக்கமும் அரை செ.மீ. நீட்டிக்கொண்டு.

இன்ஜினுக்கும் இதே முறைதான், கொதிகலனுக்கு மட்டும் 2.5 மி.மீ. கனத்தில் ஒரு போர்வை. தேய்த்த ஃபாண்டன்ட்டை வெளியே கிடக்க விட்டால் மேல்தோல் காய்ந்து வளைவில் வரிவரியாக வெடிக்கும். துளி வனஸ்பதி தொட்டு விரலால் வட்டமாகத் தேய்த்தால் ஓரளவு மறையும். கருப்பின் மேல் ஒட்டிய சோளமாவுத் தடத்துக்கும் அதே வனஸ்பதி, மெல்லிய தூரிகையில். சக்கரங்களை இணைக்கும் தண்டு 5 மி.மீ. அகலச் சாம்பல் பட்டை. ஆணிகளுக்குச் சர்க்கரை முத்துகள். நிற மிட்டாய் எதுவானாலும் ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்த பிறகே ஒட்டுங்கள். வியர்வை பட்டால் சாயம் ஓடும்.

பலகையில் தண்டவாளம்: பர்பன் பிஸ்கட்டுகளைக் குறுக்குக் கட்டைகளாக 4 செ.மீ. இடைவெளியில் அடுக்கி, மேலே சாம்பல் ஃபாண்டன்ட்டில் இரண்டு கம்பிகள். நடுவில் 1 செ.மீ. அகலப் பட்டை இரண்டு, ஒட்டி ஒட்டி, மேல் விளிம்பில் பல் வெட்டி. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வர வேண்டும். மலையில் இருக்கிற ஆப்ட் முறைப் பட்டையும் அப்படித்தான், ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருப்பதற்காக. கேக் உட்காரும் இடத்தில் பட்டை வேண்டாம், இடைவெளியிலும் இரு முனைகளிலும் தெரிந்தால் போதும். மலை ஏறுவது போலப் பலகையைச் சாய்த்து வைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். நான்கு கிலோவை நெருங்கும் எடை, வெயிலில் இளகும் கனாஷ், வழுக்கியே தீரும். பிரேக்மேன் 5 செ.மீ. உயரம் போதும். கொடிக்கும் உடம்புக்கும் பல்குச்சி வேண்டாம், வேகவைக்காத ஸ்பெகட்டி செருகுங்கள். குழந்தை கடித்தாலும் குத்தாது.

முடிந்த கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். ஒரு மணி நேரம் மூடியே இருந்தால் காற்றின் ஈரம் அட்டையின் வெளிப்பக்கம் படியும், ஃபாண்டன்ட்டில் படியாது. மீறி வியர்த்துவிட்டால் துடைக்காமல் ஃபேன் காற்றில் விடுங்கள், தானாகக் காயும். விரல் பட்டால் தடம் நிற்கும். காரில் இருக்கை சரிவானது, ஆகவே பின்பக்க டிக்கியின் சமதளத்தில், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்போடு. டிக்கிக்குள் ஏசி வராத கார் என்றால் முன் இருக்கையின் கால் வைக்கும் இடம்.

புகைக்குப் பஞ்சுமிட்டாய் அழகாக இருக்கும். ஈரக்காற்றில் அரை மணி நேரத்தில் சுருங்கிப் பாகாகும் என்பதால் மெழுகுவர்த்தி ஊதுவதற்குச் சற்று முன்பு மட்டும் வையுங்கள், சுடரிலிருந்து தள்ளி. மருத்துவப் பஞ்சு வேண்டவே வேண்டாம், நார் கேக்கில் ஒட்டும். மெழுகுவர்த்தி பலகையின் ஓரத்தில், தண்டவாளத்துக்கு வெளியே.

வெட்டும்போது பெட்டியில் தொடங்குங்கள், இன்ஜின் படத்துக்கு நிற்கட்டும். இரண்டரை செ.மீ. கனத்தில் குறுக்கே ஏழு துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் நான்காக்கினால் பெட்டியிலிருந்து மட்டும் 28 பேருக்கு வரும். இன்ஜினை வெட்டுமுன் புகைபோக்கிக் குச்சியை உருவி எடுத்துவிடுங்கள். சி.எம்.சி. போட்டுக் காய்ந்த சக்கரங்கள் பல் பெயர்க்கிற அளவு கடினம். சின்னக் குழந்தைகளின் தட்டில் வேண்டாம். மிஞ்சியதை வெட்டிய முகத்தில் கிளிங் ராப் ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், சாப்பிடும் முன் அரை மணி நேரம் வெளியே இருந்தால் வெண்ணெய் இளகிப் பழைய மென்மை வரும்.